வழுநீக்கிக்கு உரை எழுதுவது யார்?

ஓடிக்கொண்டிருந்த நிரல் பொட்டென்று நின்றுபோகிறது. திரையில் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று ஒரே வரி. எங்கே, ஏன், எந்த மாறியால் என்பதற்குக் குறிப்பு எதுவும் இல்லை. வழுநீக்கி என்ற கருவியைத் தேடிப் போவது இந்த நேரத்தில்தான். ஆகவே வழுநீக்கியின் கையேட்டைத் திறப்பவர் ஆர அமரப் படிக்க வந்தவர் அல்லர். ஏற்கெனவே ஒரு சிக்கலில் மாட்டியிருப்பவர். கையேடும் விளங்காவிட்டால் அவருக்குச் சிக்கல் இரண்டாகிவிடும்.

இத்தகைய கையேட்டை யார் எழுத வேண்டும், யார் சரிபார்க்க வேண்டும் என்ற கேள்விக்கு அரை நூற்றாண்டுக்கு மேலாக விடைகள் வந்துகொண்டிருக்கின்றன. ஒன்றுக்கொன்று முரண்படும் அந்த விடைகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் எங்கே பிறந்தது, எங்கே இடறுகிறது என்று பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். அளவுகோலாக ஓர் இடத்தை மனத்தில் வைத்துக்கொள்வது உதவும். புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களை எடுத்துக்கொள்வோம். வில்லியனூரைச் சுற்றியும், பாகூர்ப் பக்கம் கிருமாம்பாக்கத்திலும் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் அண்மையில் சிபிஎஸ்இக்கு மாறும்வரை தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையே பின்பற்றின. மேனிலைக் கணினி அறிவியல் பாடநூல் தமிழிலும் கிடைத்தது. தமிழில் நிரலாக்கத்தின் அரிச்சுவடியைக் கற்று, ஆங்கிலத்தில் பொறியியல் படிக்க வரும் மாணவருக்கு லினக்ஸும், ஜிசிசி என்ற நிரல்தொகுப்பியும், ஜிடிபி என்ற வழுநீக்கியும் காசில்லாமல் கிடைத்துவிடுகின்றன. கருவி கைக்கு எட்டிவிட்டது. கையேடு எட்டியதா என்பதே கேள்வி.

எழுதியவரே விளக்கட்டும்

முதல் விடை யூனிக்ஸ் இயங்குதளத்திலிருந்து வந்தது. கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொகுத்த யூனிக்ஸ் கையேட்டின் முதற்பதிப்பு 1971 நவம்பர் 3 என்ற தேதியைத் தாங்கியிருக்கிறது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு ‘மேன் பக்கம்’. அதில் பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம் ஆகியவற்றோடு ‘வழுக்கள்’ என்றொரு தலைப்பும் உண்டு. தன் படைப்பில் எது சரியில்லை என்று படைத்தவரே அச்சிட்டுத் தருவது அன்றைக்கு அரிய நேர்மை, இன்றைக்கும் அப்படித்தான். நிரலை எழுதியவருக்கே அதன் உள்ளும் புறமும் தெரியும், ஆகவே அவரே ஆவணத்தையும் எழுத வேண்டும் என்ற நிலைப்பாடு இதிலிருந்து வலுப்பெற்றது.

சுருக்கமும் துல்லியமும் இம்முறையின் பலம். பலவீனமும் சுருக்கத்திலிருந்தே வருகிறது. நன்னூல் பாயிரம் நூலுக்குரிய குற்றங்களை எண்ணும்போது குன்றக் கூறலைச் சேர்க்கிறது. மேன் பக்கங்களில் மிகுதியாகத் தென்படும் குற்றம் அதுவே. 1991-இல் பால் கிரானன்பர்க் எழுதிய எஸ்ட்ரேஸ் கருவியை எடுத்துக்கொள்ளலாம். ஒரு நிரல் இயங்குதளத்திடம் என்னென்ன கேட்கிறது என்பதை அது வரிவரியாகக் காட்டும். அதன் மேன் பக்கம் விருப்பக் குறிகளை ஒன்றுவிடாமல் விளக்குகிறது. ஆனால் படிப்பவரின் கேள்வி வேறு மாதிரி இருக்கும்: “என் நிரல் அமைப்புக் கோப்பை எந்த அடைவில் தேடுகிறது?” இதற்கு எந்தக் குறி என்பது ஏற்கெனவே தெரிந்தவருக்குத்தான் அந்தப் பக்கம் பயன்படும். பின்னாளில் ஜூலியா எவன்ஸ் கையெழுத்தும் கோட்டுப் படமுமாக எஸ்ட்ரேஸ் பற்றி கொண்டுவந்த சிறு வெளியீடு பரவலாகப் பேசப்பட்டதற்கு இந்த இடைவெளியே காரணம் என்று கொள்ளலாம். கருவியில் இல்லாத புதிய தகவல் எதையும் அவர் சொல்லவில்லை. கேள்வியின் பக்கமிருந்து தொடங்கினார்.

தமிழ் மரபு இங்கே வேறொரு பாதை காட்டுகிறது. நூற்பா செய்தவர் ஒருவர், உரை செய்தவர் இன்னொருவர். பெரும்பாலும் இடையில் சில நூற்றாண்டுகள். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர் எனப் பலர் உரை கண்டனர். ஒருவர் கொண்ட பொருளை மற்றவர் மறுத்தும் எழுதினர். உரையிலும் காண்டிகை, விருத்தி என்று சுருக்கமும் விரிவும் தனித்தனி வகைகளாக இருந்தன. எழுதியவரே விளக்கவும் வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அம்மரபில் இல்லை. ஒப்புமையை அதிகம் இழுக்கக் கூடாது. நூற்பா ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பாக மாறுவதில்லை.

கையேடும் மென்பொருளின் பகுதியே

இரண்டாவது விடை கட்டற்ற மென்பொருளுக்கான குனு திட்டத்தினுடையது. ரிச்சர்டு ஸ்டால்மன் 1986-இல் ஜிடிபியை எழுதினார். அதே ஆண்டளவில் கையேடுகளுக்கென டெக்ஸ்இன்ஃபோ என்ற வடிவமும் உருவானது. மென்பொருள் கட்டற்றதாக இருந்து, அதை விளக்கும் நூல் மட்டும் பதிப்பாளரின் பூட்டுக்குள் இருந்தால் விடுதலை பாதிதான் என்பது அவரது வாதம். மென்பொருளை மாற்றுகிறவர் கையேட்டையும் மாற்ற முடிய வேண்டும். இல்லாவிட்டால் மாறிய மென்பொருளுக்குப் பழைய விளக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். கையேட்டுக்கான தனி உரிமமும் 2000-ஆம் ஆண்டில் வந்தது.

இதில் ஒரு நகைமுரண் உண்டு. அந்த உரிமம் சில பகுதிகளை ‘மாற்றக் கூடாதவை’ என்று குறிக்க இடம் தருகிறது. ஜிடிபி கையேட்டிலும் அப்படிக் குறிக்கப்பட்ட பகுதிகள் உண்டு. கட்டற்ற ஆவணத்தின் தேவையைப் பேசும் பகுதியே அவற்றுள் ஒன்று. 2006-இல் லினக்ஸ் வெளியீடான டெபியனின் குழுவினர் வாக்கெடுத்து, மாற்றக் கூடாத பகுதிகள் கொண்ட ஆவணம் தங்கள் அளவுகோலின்படி கட்டற்றதாகாது என்று முடிவு செய்தனர். விளைவாக டெபியனில் ஜிடிபி ஒரு தொகுப்பிலும், அதன் கையேடு கட்டற்றதல்லாத தொகுப்பிலும் பிரிந்து கிடக்கின்றன. கருவியை நிறுவினால் கையேடும் உடன் வந்துவிடும் என்று நம்பும் மாணவருக்கு இந்தச் சட்ட நுணுக்கம் ஒரு காலி இடமாகவே தென்படும்.

நடைமுறையில் ஜிடிபியின் ஆவண ஒழுங்கு போற்றத்தக்கது. பயனர் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் எதையும் கையேட்டுத் திருத்தம் இல்லாமல் சேர்ப்பதில்லை என்பது வழக்கம். ஆவணப் பகுதிக்கென்றே பொறுப்பாளராக எலி சரட்ஸ்கி நெடுங்காலம் இருந்து, வரும் திருத்தங்களை வரிக்கு வரி பார்த்துவந்திருக்கிறார். பெரிய திறமூலத் திட்டங்களில் இப்படி ஒரு காவலர் இருப்பது அரிது. நூற்றுக்கணக்கான பக்கம் கொண்ட அந்தக் கையேட்டில் தேடினால் கிடைக்காத கட்டளை அநேகமாக இல்லை.

ஆனால் முழுமை வேறு, நுழைவாயில் வேறு. கையேட்டின் தொடக்கத்தில் ஒரு மாதிரி அமர்வு வருகிறது. புதியவர் முதலில் பார்ப்பது அதைத்தான். அதில் பிழை தேடப்படும் நிரல் எம்4 என்ற மேக்ரோச் செயலி. மேற்கோள் குறிகளை மாற்றினால் எம்4 தடுமாறுகிறது. இடது குறிக்கு ஏழெழுத்துத் தொடரும் வலது குறிக்கு ஒன்பதெழுத்துத் தொடரும் கொடுத்துப் பார்க்கிறார்கள். படிப்படியாக உள்ளே போனால், இடது குறியின் நீளம் 9 என்றும் வலது குறியின் நீளம் 7 என்றும் பதிவாகியிருப்பது தெரிகிறது. இரண்டும் இடம் மாறிவிட்டன. நிரலை நிறுத்திய நிலையிலேயே மதிப்புகளைத் திருத்தி, மீண்டும் ஓடவிட்டு, ஊகம் சரி என்று உறுதிசெய்கிறார்கள். எடுத்துக்காட்டு என்ற அளவில் இது அருமையானது: வழு உண்மையானது, தேடும் முறை உண்மையானது, முடிவில் ஒரு சிறு வியப்பும் இருக்கிறது. குறை ஒன்றுதான். எம்4 என்றால் என்ன என்று தெரியாதவருக்கு முதல் பத்தியிலேயே வாசல் அடைத்துக்கொள்கிறது. 1980-களில் யூனிக்ஸ் புழங்கியவருக்கு எம்4 அடுப்படிச் சாமான்; இன்று பாகூரில் சி நிரல் கற்கும் மாணவர் அதை வேறெங்கும் காண வாய்ப்புக் குறைவு. இந்தக் குறை எந்த வாக்கியத்திலும் இல்லை. ஒவ்வொரு வாக்கியமும் சரி. அதனால்தான் நிபுணரின் சரிபார்ப்பில் அது சிக்காது.

நிரலே போதும் என்பார் கட்சி

மூன்றாவது விடையை விரைவாகக் கடந்துவிடலாம். டொனால்டு நூத் 1984-இல் நிரலையும் விளக்கத்தையும் ஒரே கட்டுரையாக எழுதலாம் என்றார். 2001-இன் அஜைல் அறிக்கை, விரிவான ஆவணத்தைவிட இயங்கும் மென்பொருளுக்கு முன்னுரிமை தந்தது. இரண்டும் தனித்தனி ஊற்றிலிருந்து வந்தவை; ஆனால் தொழிற்கூடத்துக்கு வந்து சேரும்போது இரண்டும் ‘நிரலைப் படி, போதும்’ என்று சுருங்கிவிட்டன. நூத்துக்கு இது அநியாயம்; அவர் கேட்டது அதிக எழுத்து. வழுநீக்கி விஷயத்தில் இந்தக் கட்சி நிற்பது கடினம். தன் நிரலைப் புரிந்துகொள்ள முடியாமல்தான் ஒருவர் வழுநீக்கியைத் தொடுகிறார். வழுநீக்கியின் மூலநிரலையும் படி என்பது அவருக்கு விடையாகாது. ஆயினும் இக்கட்சியின் அடியில் ஓர் உண்மை உண்டு. ஆவணம் நிரலைவிட வேகமாகப் பழசாகிறது. லெத்பிரிட்ஜும் உடன் ஆய்வாளர்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதை ஒப்புக்கொண்டே, பழசான ஆவணமும் பொறியாளர்களுக்குப் பயன்படுகிறது என்று காட்டியது.

மாட்டிக்கொண்டவரின் பக்கமிருந்து

நான்காவது விடை நிரலாக்கத்துக்கு வெளியே, கற்றல் ஆய்விலிருந்து வந்தது. ஐபிஎம்மில் பணியாற்றிய ஜான் கேரல், சொல்செயலி கற்கும் அலுவலர்களைக் கூர்ந்து கவனித்தார். அவர்கள் கையேட்டை வரிசையாகப் படிப்பதில்லை. உடனே ஏதாவது செய்து பார்க்கிறார்கள், தவறுகிறார்கள், தவறிய இடத்தில் உதவி தேடுகிறார்கள். ஆகவே கையேடு சிறிதாக இருக்க வேண்டும், செயலில் தொடங்க வேண்டும், தவறிலிருந்து மீளும் வழியை முதன்மையாகத் தர வேண்டும் என்றார். 1990-இல் வந்த அவரது நூல் இதைக் குறுமைக் கொள்கையாக நிலைநாட்டியது. பின்னர் டானியேலே புரோசிடா, ஆவணத்தைப் பயிற்சிப் பாடம், செய்முறை, அகராதிக் குறிப்பு, கருத்து விளக்கம் என நான்காகப் பிரித்து, ஒன்றில் மற்றொன்றைக் கலக்காதீர்கள் என்றார். மற்றொன்று விரித்தல் நன்னூலிலும் குற்றமே.

வால்கிரிண்டின் விரைவுத் தொடக்கக் குறிப்பு இந்த வழியில் அமைந்த நல்ல எடுத்துக்காட்டு. ஜூலியன் சீவார்டு 2002-இல் வெளியிட்ட இக்கருவி நினைவகத் தவறுகளைக் கண்டுபிடிக்கும். அக்குறிப்பு சில பக்கங்களுக்குள் முடிகிறது. நிரலை எப்படித் தொகுப்பது, எப்படி ஓட்டுவது, வரும் செய்தியை எந்த வரியிலிருந்து படிப்பது என்று சொல்லிவிட்டு, நிரல் வழக்கத்தைவிட 20 முதல் 30 மடங்கு மெதுவாக ஓடும் என்றும் எச்சரிக்கிறது. இந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால், பழைய ஆய்வகக் கணினியில் உட்கார்ந்திருக்கும் மாணவர் கருவி செத்துப்போய்விட்டது என்று மூடிவிடுவார்.

இக்கொள்கையின் பலவீனம், குறுக்கிக்கொண்டே போனால் ஆழம் போய்விடும் என்பது. மாட்டிக்கொண்டவர் சொல்வதெல்லாம் ஆவணத்தின் குறையும் ஆகாது. சில வேளை அவர் கருவியைத் தவறாகப் பிடித்திருப்பார். குறையைக் காண்பவரும் தீர்வைச் சொல்பவரும் ஒருவராகவே இருக்க வேண்டியதில்லை என்பதை இக்கட்சியினர் போதிய அளவு வலியுறுத்துவதில்லை.

தேவை எவ்வளவு பரவலானது என்பதற்குக் கிட்ஹப் 2017-இல் நடத்திய திறமூலக் கணக்கெடுப்பு சான்று. அரைகுறையான அல்லது காலாவதியான ஆவணம் ஒரு சிக்கல் என்று 93 விழுக்காட்டினர் கூறினர். பங்களிப்பாளர்களில் 60 விழுக்காட்டினர் ஆவணத்துக்கு அரிதாகவே பங்களிப்பதாக, அல்லது பங்களிப்பதே இல்லை என்று ஒப்புக்கொண்டனர். 2019-இல் அகஜானியும் குழுவினரும் 878 ஆவணம்சார் பதிவுகளை அலசி 162 வகைக் குறைகளைப் பட்டியலிட்டனர். எல்லோரும் பசி என்கிறார்கள், அடுப்பு மூட்ட ஆளில்லை.

வழுவும் வழுவமைதியும்

ஆவணக் குறை ஒருவரின் நேரத்தைத்தானே வீணாக்கும், அதற்குமேல் என்ன என்று கேட்பவருக்கு டெபியனில் நடந்ததே விடை. 2006-இல் டெபியனில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறைகுறியாக்க நூலகத்தின் தொகுப்பைப் பராமரித்தவர் வால்கிரிண்டின் எச்சரிக்கைகளை எதிர்கொண்டார்: தொடக்க மதிப்புத் தராத நினைவகம் பயன்படுத்தப்படுகிறது என்றது கருவி. கருவி சொன்னது உண்மை. தற்போக்கு எண்ணை உருவாக்கும் பகுதியில் ஒரே மாதிரியான இரண்டு வரிகள் இருந்தன. ஒன்றை எடுத்தால் இழப்பில்லை. மற்றொன்று தற்போக்குத்தன்மையின் ஊற்றையே உள்ளே சேர்க்கும் வரி. பராமரிப்பாளர் மடற்குழுவில் கேட்டார்; வழுநீக்கத்துக்கு உதவுமென்றால் எடுக்கலாம் என்ற அளவில் பதில் வந்தது. இரண்டையும் எடுத்தார். அதன்பின் டெபியனிலும் அதிலிருந்து கிளைத்த உபுண்டுவிலும் உருவான மறைகுறிச் சாவிகளுக்கு, செயல் எண்ணைத் தவிர வேறு வேறுபாடே இல்லாமல் போனது; அந்த எண்ணின் உச்சம் 32,768. 2008 மே 13-இல் செய்தி வெளியானபோது உலகெங்கும் சாவிகளை மாற்ற வேண்டியதாயிற்று.

தமிழ் இலக்கணத்தில் வழு என்பதோடு வழுவமைதி என்றொரு கருத்தும் உண்டு: வடிவில் வழுவாகத் தோன்றினும் காரணம் கருதி ஏற்றுக்கொள்ளப்படுவது. ஓபன்எஸ்எஸ்எல்லில் தொடக்க மதிப்பில்லாத நினைவகத்தைத் தொட்டது அப்படியொரு வழுவமைதி. வழுவமைதிக்குக் காரணம் எழுதியாக வேண்டும் என்பது இலக்கணக்காரருக்குத் தெரிந்திருந்தது. இங்கோ ஒரு வரியின் அருகில், வேறொரு வழுநீக்கியான ப்யூரிஃபை புகார் சொல்கிறது என்ற மட்டில் ஓரிரு சொல் குறிப்பு இருந்தது. மற்ற வரியருகே அதுகூட இல்லை.

யார் தவறு என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை. கேட்டவர் சரியான இடத்தில் கேட்கவில்லை என்பார் உண்டு. எது சரியான இடம் என்று ஓபன்எஸ்எஸ்எல் தெளிவாக எழுதி வைக்கவில்லை என்பாரும் உண்டு. வழுநீக்கியின் ஆவணத்துக்கும் இதில் பங்குண்டு என்பதை மட்டும் இங்கே குறிக்கலாம். எச்சரிக்கை எங்கிருந்து முளைக்கிறது என்று பின்தொடர்ந்து காட்டும் வசதி வால்கிரிண்டில் 2009-இல், 3.4.0 பதிப்பில்தான் வந்தது. எச்சரிக்கையை அடக்கிவைக்கும் கோப்பு வசதி முன்பே இருந்தது. நிரலைத் தொடாமல் புகாரை மட்டும் நிறுத்தலாம். எப்போது நிரலைத் திருத்துவது, எப்போது எச்சரிக்கையை அமர்த்துவது என்ற விவேகத்தைக் கற்பிப்பது கையேட்டின் வேலையா? என் கணிப்பில், வழுநீக்கிக் கையேட்டின் தலையாய வேலையே அதுதான். கட்டளைப் பட்டியல் அடுத்தது.

எந்த மொழியில்?

பாகூரில் கிடைத்த, 9-ஆம் நூற்றாண்டு நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடுகள் அவ்வூர்க் கல்வி நிலையம் ஒன்றுக்கு மூன்று ஊர்களைக் கொடையாக்கியதைப் பதிவு செய்கின்றன. அவற்றில் வடமொழியும் உண்டு, தமிழும் உண்டு. அரச குலத்தின் புகழ் வடமொழியில். நிலத்தின் எல்லை போன்ற, நாளை தகராறு வந்தால் எடுத்துப் பார்க்க வேண்டிய விவரம் தமிழில். ஆவணத்தை யார் பயன்படுத்துவார் என்பதை வைத்து மொழியைத் தேர்ந்திருக்கிறார்கள் என்று ஊகிக்க இடமுண்டு.

மென்பொருள் ஆவணத்தின் மொழி பற்றி மூன்று நிலைப்பாடுகள் தென்படுகின்றன. ஆங்கிலமே போதும், தொழிலின் மொழி அதுதான் என்பது ஒன்று. முழுவதும் தமிழாக்க வேண்டும், கலைச்சொல்லும் தமிழில் வேண்டும் என்பது இரண்டாவது. ஆங்கில ஆவணத்தையே எளிய ஆங்கிலத்தில் திருத்தி எழுதினால் எல்லா மொழியினருக்கும் பயன் என்பது மூன்றாவது. பிலிப் குவோ 2018-இல் 86 நாடுகளைச் சேர்ந்த, 74 தாய்மொழிகள் பேசும் 840 பேரிடம் கேட்டறிந்த ஆய்வு மூன்றாவதற்கு வலுச் சேர்க்கிறது. கொச்சையும் பண்பாட்டுக் குறிப்பும் இல்லாத எளிய ஆங்கிலம், படங்கள், எங்கும் புரியும் எடுத்துக்காட்டுகள் ஆகியவை வேண்டுமென அவர்கள் கேட்டனர். மேற்சொன்ன கிட்ஹப் கணக்கெடுப்பிலும் ஏறத்தாழ நாலில் ஒருவர், தம் ஆங்கிலம் ‘மிக நன்று’ என்ற அளவை எட்டவில்லை என்றே குறித்தனர்.

தமிழாக்கத்தின் பக்கமும் சான்றுகள் உண்டு. 2012-இல் தொடங்கிய கணியம் மின்னிதழ் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் தொடர்ந்து எழுதிவருகிறது, து. நித்யாவின் ‘எளிய தமிழில்’ வரிசை நூல்கள் லினக்ஸ், மைஎஸ்கியூஎல் முதலியவற்றைத் தமிழ் வழி கற்றவருக்குத் திறந்துவிட்டன. அவை கையேட்டின் மொழிபெயர்ப்புகள் அல்ல. தமிழ் வாசகரை எதிரே உட்கார வைத்துப் புதிதாக எழுதப்பட்டவை. வெற்றியின் காரணம் அதுவாக இருக்கலாம்.

கலைச்சொல்லில் ஒரு நடைமுறைத் தடை உண்டு. ‘பிரேக்பாயிண்ட்’ என்பதை நிறுத்தப்புள்ளி என்றால் பொருள் பளிச்சென்று விளங்கும். ஆனால் திரையில் வரும் செய்தி ஆங்கிலத்தில் வரும்; அதை வைத்துத்தான் மாணவர் தேட வேண்டும். தமிழ்ச்சொல் மட்டும் தெரிந்தவர் தேடலில் கைவிடப்படுவார். ஆய்வகத்தில் “டிபக் பண்ணிப் பாரு” என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். விளக்கம் தமிழிலும், கட்டளையும் பிழைச் செய்தியும் உள்ளபடியும் இருப்பதே இப்போதைக்கு ஓடக்கூடிய ஏற்பாடு. தூய்மை பேசுவோர் இதை ஏற்கமாட்டார்கள். அவர்களது கவலையும் பொருளற்றதன்று.

வில்லியனூர் காட்டிய வழி

வழுநீக்கியோடு தொடர்பில்லாத, ஆனால் இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பொருந்தும் ஒரு முயற்சி வில்லியனூரிலேயே நடந்திருக்கிறது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் ஐடிஆர்சி நிதியுதவியுடன் 1998-இல் புதுச்சேரிச் சிற்றூர்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. நடுவ மையம் வில்லியனூரில். அதை மதிப்புக் கூட்டும் மையம் என்றே அழைத்தார்கள். எம்பலம், கீழூர், வீராம்பட்டினம் போன்ற ஊர்களின் மையங்களை உள்ளூர்த் தன்னார்வலர்கள் நடத்தினர்.

தகவல் எங்கோ ஆங்கிலத்தில் இருக்கும். வில்லியனூரில் இருப்பவர்கள் அதை எடுத்து, ஊருக்குத் தேவையான அளவுக்குச் சுருக்கி, தமிழாக்கி, கம்பியில்லா இணைப்பின் வழியே ஊருக்கு அனுப்புவார்கள். அமெரிக்கக் கடற்படையின் வலைத்தளத்தில் வெளியான அலை உயர முன்கணிப்பு, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் தமிழில் கேட்டது. அந்த முன்கணிப்பை எழுதியவர்கள் மனத்தில் கட்டுமரம் இருந்திருக்காது. முன்கணிப்பும் மாறவில்லை, இடையில் ஒரு கை பட்டதும் அது படகை இறக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க உதவும் செய்தியாயிற்று.

கவனிக்க வேண்டியது, தொடங்கும் முன் ஊர்க்காரர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டார்கள் என்பது. மென்பொருள் ஆவணத்தில் நாம் அநேகமாக இதைச் செய்வதில்லை. பாகூர் ஏரிக்குப் பங்காரு வாய்க்காலில் தண்ணீர் வந்தாலும் கடைமடைக்குப் போனதா என்று கடைமடைக்காரரிடம்தான் கேட்க வேண்டும்; தலைமதகில் நின்று பார்த்தால் வாய்க்கால் நிறைந்தே தெரியும். ஜிடிபி கையேட்டைத் தலைமதகில் நின்று பார்ப்பவர்கள் பலர். முதன்முதலாக அதைத் திறக்கும் இரண்டாம் ஆண்டு மாணவர் எந்த வரியில் நின்றார் என்ற பதிவு எங்கும் சேர்வதில்லை.

புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் என்ற தன்னார்வ அமைப்பு இருக்கிறது. பக்கத்தில் விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. மதிப்புக் கூட்டும் நடுவ இடமாக இத்தகைய அமைப்புகள் அமைய வாய்ப்புண்டு: கடைமடையில் நின்ற இடத்தைக் குறித்துவாங்கி, அது ஆவணத்தின் குறையா, படித்தவரின் தடுமாற்றமா என்று பிரித்து, மூலத் திட்டத்துக்குத் திருத்தமாக அனுப்புவது. முடிவு சொல்வது கருவியின் பொறுப்பாளரே. குறை காண்பது ஒருவர், தொகுப்பது இன்னொருவர், தீர்ப்பது மூன்றாமவர் என்ற இந்தப் பங்கீடு, மேலே கண்ட விடைகளில் எதையும் முழுதாகத் தள்ளாமல் எல்லாவற்றிலும் பாதியை எடுத்துக்கொள்கிறது. எனக்கு இதுவே நிற்கக்கூடியதாகப் படுகிறது.

தீராமல் நிற்பவை

இதற்கும் தடைகள் உண்டு. ஜிடிபி போன்ற குனு திட்டங்கள் பெரிய பங்களிப்புக்குக் காப்புரிமையைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்கு ஒப்படைக்கும் பத்திரம் கேட்பது நெடுநாள் வழக்கம். சிறு திருத்தத்துக்கு அது வேண்டியதில்லை. ஆனால் மாதிரி அமர்வையே புதிதாக எழுத முன்வருபவர் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டியிருக்கும். கூலி யார் தருவது என்பதும் தீரவில்லை. கூகுள் 2019-இல் ஆவணத்துக்கென்று ஒரு நிதித் திட்டம் தொடங்கியது, ஆயினும் ஒருமுறை எழுத நிதி கிடைப்பதும் ஆண்டுதோறும் தூர்வார நிதி கிடைப்பதும் வேறுவேறு.

ஒரு திருத்தத்தால் ஆவணம் மேம்பட்டதா என்று அளக்க ஒப்புக்கொள்ளப்பட்ட வழி இல்லை. கேரலைப் போல அருகே உட்கார்ந்து கவனிப்பதே நம்பகமானது. அது சிறு எண்ணிக்கைக்குத்தான் முடியும். படிப்பவரும் மாறிக்கொண்டிருக்கிறார். 2023 இறுதியில் வந்த ஜிடிபி 14, நிரல் எழுதும் செயலிகள் தன்னோடு பேசுவதற்கான பொது நெறிமுறையைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. திரையோரத்தில் சிவப்புப் புள்ளியைச் சொடுக்கிப் பழகியவர் கட்டளைக் கையேட்டைத் திறக்கவே மாட்டார் என்று சிலர் சொல்கிறார்கள். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் போதும் என்று வேறு சிலர். அந்த விடையும் ஏற்கெனவே எழுதப்பட்ட ஆவணத்திலிருந்துதான் திரள்கிறது; எச்சரிக்கையை அமர்த்தவா, நிரலைத் திருத்தவா என்ற கேள்விக்கு அது எவ்வளவு நம்பத்தக்கது என்பது இன்னும் தெளிவாகவில்லை.

ஜிடிபி கையேட்டின் மாதிரி அமர்வில் இன்னும் எம்4தான் இருக்கிறது.